எக்ஸ்230 வைஃபை கார்டை மாற்றணும்: எது பொருந்தும், எதை பயாஸ் தடுக்கும்?

#1 · நெல்லிமரம்

வணக்கம். லேப்டாப் திங்க்பேட் எக்ஸ்230, 2012 மாடல், ஐ5-3320எம். இதில் வந்த வைஃபை கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கிறது. லினக்ஸில் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை போட்டுப் பார்த்ததில் ரியல்டெக் ஆர்டிஎல்8188சிஇ என்று வருகிறது. ரவுட்டர் இரண்டு பேண்டும் தரும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதால் 2.4-ல் சுற்றிலும் நெரிசல்.

இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு ஒன்று, கூடவே ஒரு அடாப்டர், இரண்டும் சேர்த்து வாங்கினால் எந்த லேப்டாப்பிலும் போடலாம் என்று விற்பவர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா? லினக்ஸ் மின்ட் 21, விண்டோஸ் 10 64 பிட் இரண்டும் இருக்கிறது. ப்ளூடூத் இப்போது வேலை செய்கிறது, அது போய்விடக் கூடாது.

#2 · தறிக்கட்டை

பணத்தைக் கட்டாதீர்கள். அந்த ஜோடி எக்ஸ்230-க்குள் உட்காரவே உட்காராது. உட்கார்ந்தாலும் மெஷின் பூட் ஆகாது. காரணம் இரண்டும் வேறு வேறு.

முதல் காரணம் அளவு. உங்கள் ஸ்லாட் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், அரை நீளம். கார்டின் அகலம் 30 மி.மீ., நீளம் 26.8 மி.மீ., 52 பின். ஏஎக்ஸ்210 சாதாரணமாக வருவது எம்.2 2230 வடிவில், அதாவது 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம். கார்டே உங்கள் இடத்தைவிட 3 மி.மீ. நீளம். அதை ஒரு அடாப்டர் பலகையின் மேல் ஏற்றினால் நீளமும் கூடும், உயரமும் கூடும். முழு நீள ஸ்லாட் உள்ள மெஷினில், அதாவது 50.95 மி.மீ. இடம் இருந்தால், அந்த அடாப்டர் பொருந்தும். எக்ஸ்230-ல் முழு நீள ஸ்லாட் ஒன்று இருக்கிறது, ஆனால் அது சிம் மோடத்துக்கும் எம்சாட்டா என்ற சிறிய எஸ்எஸ்டிக்கும் உரியது. வைஃபை ஸ்லாட் அரை நீளம்தான்.

இரண்டாவது காரணம் பயாஸ், அதாவது பவர் கொடுத்ததும் முதலில் ஓடும் போர்டின் உள் மென்பொருள். இந்தத் தலைமுறைத் திங்க்பேட்களில் பயாஸுக்குள் அனுமதிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டுப் பவர் கொடுத்தால் '1802: அன்ஆதரைஸ்டு நெட்வொர்க் கார்டு இஸ் ப்ளக்டு இன்' என்று கருப்புத் திரையில் எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடும். கார்டைக் கழற்றினால்தான் நகரும். ஆபரேட்டிங் சிஸ்டம் வருவதற்கு முன்பே நடப்பதால் டிரைவர், லினக்ஸ் எதுவும் இதற்கு உதவாது.

பயாஸ் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பெயரையோ ஸ்டிக்கரையோ அது பார்ப்பதில்லை. கார்டு சொல்லும் நான்கு எண்களைப் பார்க்கிறது: தயாரிப்பாளர் எண், சாதன எண், அவற்றின் கீழ் இரண்டு துணை எண்கள். இன்டெல் 6300 கார்டுகளில் லெனோவோவுக்கென்று வந்ததும் உண்டு, கடையில் தனியாக விற்றதும் உண்டு. சிப் ஒன்றுதான், துணை எண் வேறு. அதனால் முதலாவதை ஏற்கும் அதே மெஷின் இரண்டாவதைத் திருப்பி அனுப்பும். 'அதே மாடல்தானே போட்டேன், ஏன் 1802 வருகிறது' என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

உங்கள் தேவைக்கு நேரான வழி: இன்டெல் சென்ட்ரினோ 6205, லெனோவோவின் எஃப்ஆர்யூ எண் (மாற்றுப் பாக எண்) அச்சிட்டது. இரண்டு பேண்டும் பிடிக்கும், இரண்டு ஆன்டெனா, 300 எம்பிபிஎஸ் லிங்க். பட்டியலில் இருப்பதால் பயாஸைத் தொட வேண்டியதில்லை.

#3 · நெல்லிமரம்

நன்றி. எஃப்ஆர்யூ எண் சரியா என்று எங்கே பார்ப்பது? 6205-ஐவிட 6300 வேகம் என்கிறார்களே, அதையே வாங்கிவிடலாமா?

#4 · தறிக்கட்டை

ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மானுவல் என்று ஒவ்வொரு திங்க்பேட்டுக்கும் ஒரு பிடிஎஃப் உண்டு. பின்பகுதியில் பாகங்களின் பட்டியல் வரும். அதில் வயர்லெஸ் லேன் தலைப்பின் கீழ் உள்ள எஃப்ஆர்யூ எண்கள்தான் அந்த மெஷின் ஏற்பவை. விற்பவரிடம் கார்டின் ஸ்டிக்கரைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எஃப்ஆர்யூ என்ற எழுத்தும் அடுத்து எண்களும் எழுத்தும் கலந்த ஏழு இடக் குறியும் தெளிவாகத் தெரிய வேண்டும். 'திங்க்பேட்டிலிருந்து கழற்றியது' என்ற வாய்ச்சொல் போதாது.

6300 மூன்று ஆன்டெனா கார்டு. மூன்றும் இணைத்தால்தான் 450. எக்ஸ்230-ல் பல மெஷின்களுக்கு மூன்றாவது வயர் வரவில்லை. கழற்றிப் பாருங்கள்: சாம்பல், கருப்பு இரண்டு மட்டும் இருந்தால் 6205 போதும், 6300-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குப் பலன் இல்லை. வெள்ளை வயர் ஒன்று டேப் சுற்றிச் சும்மா கிடந்தால் 6300 வாங்குங்கள்.

ஸ்டிக்கரில் இன்டெல்லின் சொந்த மாடல் குறியும் இருக்கும். 6205-க்கு 62205ஏஎன்எச்எம்டபிள்யூ, 6300-க்கு 633ஏஎன்எச்எம்டபிள்யூ. கடைசியில் வரும் எச்எம்டபிள்யூ அரை நீள மினி கார்டு என்பதற்கான குறி. அது எம்எம்டபிள்யூ என்று முடிந்தால் முழு நீளம், வாங்காதீர்கள்.

#5 · சாவிக்கொத்து

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் 2011-ல் வந்த சிப்பை இன்று போய் வாங்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 6205 வைஃபை 4 கார்டு. 40 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் அதற்குத் தெரியும். ரவுட்டர் 80-ல் ஓடினாலும் அது 40-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். லிங்க் 300 என்று காட்டும், கோப்பு நகரும்போது அதில் பாதியைச் சற்றே தாண்டும். அதே ஸ்லாட்டில் இன்டெல் 7260எச்எம்டபிள்யூ போட்டால் 867 லிங்க், ப்ளூடூத் 4.0-வும் கூடவே. ஏஎக்ஸ்200 சிப்பை அரை நீளப் பலகையில் ஒட்டி விற்கும் ஏஎக்ஸ்200எச்எம்டபிள்யூ போட்டால் 80 மெகாஹெர்ட்ஸிலேயே 1201. இடைஞ்சல் பயாஸ் பட்டியல் ஒன்றுதான். எக்ஸ்230-க்கு அதை மென்பொருளாலேயே எடுத்துவிடலாம்: 1வைரெயின் என்ற திட்டம், இலவசம், பென்டிரைவில் பூட் செய்து ஓட்டுவது. எக்ஸ்230, எக்ஸ்230 டேப்லெட், டி430, டி430எஸ், டி530, டபிள்யூ530, இவை எல்லாம் இதில் அடங்கும்.

#6 · தறிக்கட்டை

பட்டியலை எடுக்கலாம் என்பது உண்மை. எடுப்பதன் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டவர் பயாஸ் ஃப்ளாஷ் செய்து பழகியவரா என்று நமக்குத் தெரியாது.

#7 · சாவிக்கொத்து

சொல்கிறேன், கேட்பது நியாயம்தான்.

முதலில் எஃப்1 அழுத்தி பயாஸ் பதிப்பைப் பாருங்கள். 1வைரெயின் நுழையப் பயன்படுத்தும் பாதுகாப்புத் துளை புதிய பதிப்புகளில் அடைக்கப்பட்டுவிட்டது. அப்படி இருந்தால் முதலில் பழைய பதிப்புக்கு இறக்க வேண்டும், அதற்கான கருவியைத் திட்டத்தாரே தருகிறார்கள். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு என்ற அட்டவணை அவர்கள் பக்கத்தில் இருக்கிறது, அதை வரிக்கு வரி படித்துவிட்டு ஆரம்பியுங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருந்தால் முதலில் நீக்குங்கள். பேட்டரி நன்றாக நிற்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். ஃப்ளாஷ் ஓடும்போது மின்சாரம் நின்றால் மெஷின் எழாது.

எழாமல் போனால் மீட்க வெளி புரோகிராமர் தேவை. எக்ஸ்230-ன் போர்டில் ஃப்ளாஷ் சிப் இரண்டு: ஒன்று 8 எம்பி, மற்றது 4 எம்பி. பயாஸின் முக்கியப் பகுதி 4 எம்பி சிப்பில். எட்டுக் கால் கிளிப் மாட்டி சிஎச்341ஏ என்ற யுஎஸ்பி புரோகிராமர் மூலம் படிக்கலாம், எழுதலாம். கருப்புப் பலகையில் வரும் மலிவான சிஎச்341ஏ-யில் ஒரு கோளாறு: சிப்புக்கான மின்சாரம் 3.3 வோல்ட் போனாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. இந்த ஃப்ளாஷ் சிப்கள் 3.3 வோல்ட் வகை. அந்தப் பலகையைத் திருத்திவிட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் 3.3 வோல்ட்டிலேயே ஓடும் ராஸ்பெர்ரி பை போன்ற ஒன்றை எடுங்கள். எழுதுவதற்கு முன் இருப்பதை இரண்டு தடவை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்றாக இல்லையென்றால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த நிலையில் எழுதக் கூடாது.

எக்ஸ்220, டி420 வைத்திருப்பவர்களுக்கு 1வைரெயின் இல்லை. அவர்களுக்குக் கிளிப் வழிதான். பயாஸுக்குப் பதிலாகக் கோர்பூட் என்ற திறந்த மூல மென்பொருள் போட்டவர்களுக்குப் பட்டியல் என்ற பேச்சே இல்லை.

#8 · வடகரைச்செல்வி

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது எச்பி ப்ரோபுக் 4540எஸ். வேறு கார்டு போட்டால் '104-அன்சப்போர்டட் வயர்லெஸ் நெட்வொர்க் டிவைஸ் டிடெக்டட்' என்று சொல்லி நிற்கிறது. இதுவும் அதே கதைதானா? பயாஸைத் தொட எனக்கு விருப்பம் இல்லை.

#9 · தறிக்கட்டை

அதேதான் அம்மா. எழுதும் வாசகம் வேறு, பூட்டு ஒன்று. எச்பியில் எஃப்ஆர்யூ என்ற சொல் இருக்காது, ஸ்பேர் பார்ட் நம்பர் என்று ஆறு இலக்கம், ஒரு கோடு, மூன்று இலக்கம் என வரும். மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு என்ற பிடிஎஃப்பை 4540எஸ் பெயரோடு தேடி எடுங்கள். வைஃபை மாட்யூல்கள் ஒவ்வொன்றும் எந்த எண் என்று அதில் அட்டவணை இருக்கிறது. அதில் இரண்டு பேண்டு உள்ள கார்டு எது என்று பார்த்து, அந்த எண் ஒட்டிய கார்டையே வாங்குங்கள். லெனோவோ கார்டை எச்பியிலும் எச்பி கார்டை லெனோவோவிலும் மாற்றிப் போட்டால் சிப் ஒன்றாக இருந்தாலும் நிற்கும்.

டெல் லாட்டிட்யூட் இ6420, இ6430 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அவற்றில் இந்தப் பூட்டு இல்லை, அரை நீளக் கார்டு எதுவும் போகும்.

#10 · பித்தளைத்திருகு

வன்பொருள் பக்கம் சில விஷயம் விட்டுப்போயிருக்கிறது, சேர்க்கிறேன்.

ஆன்டெனா வயரின் நுனி. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் காலத்து வயர்களில் இருப்பது யு.எஃப்எல் அளவுக் குமிழ். எம்.2 கார்டுகளில் இருப்பது எம்எச்எஃப்4, அதைவிடச் சிறியது. ஒன்றில் மற்றது மாட்டாது. அழுத்தினால் நடு ஊசி மடங்கிவிடும். ஏஎக்ஸ்200 சிப்பை அரை நீளப் பலகையில் ஒட்டித் தருபவர்களில் சிலர் பெரிய குமிழ் வைக்கிறார்கள், சிலர் சின்னதை வைக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியவில்லை என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்தப் பலகைகளை இன்டெல் செய்வதில்லை, சிப் மட்டும் இன்டெல். ஸ்டிக்கரில் இன்டெல் பெயர் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

யு.எஃப்எல் குமிழுக்கு ஆயுள் 30 தடவை மாட்டிக் கழற்றுவது. சோதித்துப் பார்க்கிறேன் என்று நூறு தடவை கழற்றினால் பிடிப்புத் தளர்ந்து சிக்னல் விட்டு விட்டு வரும். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிளாஸ்டிக் நெம்புகோலை, இல்லையென்றால் விரல் நகத்தை, குமிழின் விளிம்புக்கு அடியில் கொடுத்து நேர் மேலாகத் தூக்குங்கள். மாட்டும்போது குமிழைக் கார்டில் உள்ள முனையின் மேல் வைத்து, கையை எடுத்துவிட்டு, அது சரிவில்லாமல் நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நிற்கிறது என்றால் பெருவிரலால் ஒரே அழுத்து. கிளிக் என்று ஒரு சின்ன உணர்வு விரலுக்குத் தெரியும். அந்த உணர்வு வராமல் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், எடுத்துவிட்டு மறுபடியும் வையுங்கள்.

நிறம்: திங்க்பேட்டில் சாம்பல் வயர் மெயின், கருப்பு துணை, வெள்ளை மூன்றாவது. டெல்லில் வெள்ளை மெயின், கருப்பு துணை, சாம்பல் மூன்றாவது. ஒரு பிராண்டின் படத்தைப் பார்த்து மற்றதில் மாட்டுவதில் தவறு இங்கேதான் நடக்கிறது. மெயின் வயரை மாட்டாமல் விட்டால் ரவுட்டர் பக்கத்தில் இருக்கும்வரை வேலை செய்யும், அடுத்த அறைக்குப் போனதும் சிக்னல் விழும். 'புது கார்டு சரியில்லை' என்று திருப்பி அனுப்பும் முன் இதைப் பாருங்கள்.

#11 · நெல்லிமரம்

7260-ல் ப்ளூடூத் வரும் என்றீர்கள். என் மெஷினில் இப்போதே இருக்கும் ப்ளூடூத் என்ன ஆகும்? 6205-ல் ப்ளூடூத் இல்லையே?

#12 · பித்தளைத்திருகு

எக்ஸ்230-ல் ப்ளூடூத் தனி மாட்யூல், உள்ளே யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கிறது. வைஃபை கார்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 6205 போட்டாலும் அது அப்படியே இருக்கும்.

7260 போன்ற இரட்டைக் கார்டில் வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும் ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகவும் போகிறது. அதே 52 பின்னில் 36, 38 இரண்டும் யுஎஸ்பி கம்பிகள். சில லேப்டாப்களில் வைஃபை ஸ்லாட்டுக்கு அந்த இரண்டு கம்பியை இழுத்திருக்க மாட்டார்கள். அங்கே வைஃபை ஓடும், ப்ளூடூத் மட்டும் சாதனப் பட்டியலிலேயே வராது. டிரைவர் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது, கம்பியே இல்லை.

கம்பி இருந்தும் வராத இன்னொரு நிலை உண்டு. இன்டெல் இரட்டைக் கார்டுகளில் பின் 51 ப்ளூடூத்தை அணைக்கும் கால். இந்தக் காலத் திங்க்பேட்கள் பலவற்றில் போர்டு அந்தக் காலின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்து வைத்திருக்கிறது, ப்ளூடூத் எழுவதே இல்லை. தீர்வு அந்த ஒரு காலைக் கேப்டன் (Kapton) எனும் மெல்லிய மின்காப்பு டேப்பால் மூடுவது.

எது 51 என்று கண்டுபிடிக்க: கார்டின் பொன்னிற விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. வெட்டுக்கு ஒரு பக்கம் குறுகியது, பக்கத்துக்கு 8 கால்கள். மறுபக்கம் நீளம், 18 கால்கள். ஒற்றைப்படை எண்கள் கார்டின் மேல்முகத்தில், இரட்டைப்படை கீழ்முகத்தில். நீளப் பகுதியில் வெட்டை விட்டுத் தள்ளி, மேல்முகத்தில் கடைக்கோடியில் இருப்பது 51. கால்களின் இடைவெளி 0.8 மி.மீ.தான், அதனால் டேப்பைப் பிளேடால் மெல்லிய கீற்றாக வெட்ட வேண்டும். கால் முழுவதும் மூடட்டும், விளிம்பைத் தாண்டி அடிப்பக்கம் சுற்றக் கூடாது. நேர் கீழே உள்ள 52 மின்சாரம் வரும் கால். ஸ்லாட்டில் செருகும்போது டேப் சுருண்டு பின்னுக்குத் தள்ளப்படும், எனவே ஒட்டியபின் நகத்தால் நன்றாகத் தேயுங்கள், ஒரே தடவையில் செருகுங்கள்.

#13 · சாவிக்கொத்து

பின் 20-ஐயும் சொல்லிவிடுங்கள். 'ஹார்டு பிளாக்டு' என்று வருவதற்கு அதுதான் காரணம்.

#14 · பித்தளைத்திருகு

ஆமாம். பின் 20 வைஃபையை அணைக்கும் கால், லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள ரேடியோ சுவிட்ச் இதோடுதான் பேசுகிறது. முதலில் சுவிட்சைப் பாருங்கள். எக்ஸ்230-ல் உடம்பின் பக்கவாட்டில் சின்னதாக இருக்கிறது, பையில் வைத்து எடுக்கும்போதே நகர்ந்துவிடும். சுவிட்ச் திறந்திருந்தும் லினக்ஸில் ரேடியோக்களின் நிலையைக் காட்டும் ஆர்எஃப்கில் பட்டியல் ஹார்டு பிளாக்டு (வன்பொருளால் அணைந்தது) என்று சொன்னால், போர்டு அந்தக் காலைக் கீழே இழுக்கிறது. அப்போது 20-ஐ மூடலாம். அது கீழ்முகத்தில், வெட்டைத் தாண்டி நீளப் பகுதியில் இரண்டாவது கால்.

ஆனால் இங்கே கை நடுங்கக் கூடாது. பக்கத்துக் கால் 22 ரீசெட். டேப் அதையும் தொட்டுவிட்டால் கார்டு பட்டியலிலேயே வராது, கார்டு செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிவார்கள். 20-ஐ மூடிய பிறகு கார்டு காணாமல் போனால் டேப்பை எடுத்துவிட்டு மறுபடியும் ஒட்டுங்கள். 20-ஐ மூடினால் ஓரத்துச் சுவிட்ச் வைஃபையை அணைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

#15 · கெர்னல்கண்ணன்

டிரைவர் பற்றி யாரும் சொல்லவில்லை. வாங்கியபின் பார்ப்பதைவிட முன்னால் பார்ப்பது நல்லது.

விண்டோஸ் 7-ல் நிற்க வேண்டியவர்களுக்கு மினி ஸ்லாட்டில் 7260 வரை, எம்.2 ஸ்லாட்டில் 8265 வரை. 9260, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 மூன்றுக்கும் 64 பிட் விண்டோஸ் 10 வேண்டும். 32 பிட் விண்டோஸ் போட்ட பழைய மெஷினில் ஏஎக்ஸ் கார்டை மாட்டிவிட்டு டிரைவர் தேடி அலையாதீர்கள்.

லினக்ஸில் கெர்னல் பதிப்புதான் கணக்கு. 9260-க்கு 4.14, ஏஎக்ஸ்200-க்கு 5.1, ஏஎக்ஸ்210-க்கு 5.10 அல்லது அதற்கு மேல். மின்ட் 21 கெர்னல் 5.15-ல் வருவதால் கேட்டவருக்கு எதுவும் தடை இல்லை. மின்ட் 19-ஐ 4.15 கெர்னலோடு ஓட்டுபவர் ஏஎக்ஸ்200 போட்டால் கார்டு எல்எஸ்பிசிஐயில் தெரியும், வைஃபை வராது. 6205, 7260 இரண்டுக்கும் டிரைவர் கெர்னலிலேயே நெடுநாளாக இருக்கிறது, கார்டுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்பு மட்டும் டிஸ்க்கில் இருக்க வேண்டும், மின்ட்டில் இருக்கிறது.

ஃபர்ம்வேர் கோப்பே வேண்டாம், எல்லாம் திறந்த மூலமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஏதெரோஸ் ஏஆர்9462, பலகையின் பெயர் ஏஆர்5பி22. இரண்டு பேண்டு, 300 எம்பிபிஎஸ், டிரைவர் ஏடிஎச்9கே. வைஃபைக்கு ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டியதே இல்லை. ஏஆர்5பி95 என்று மலிவாகக் கிடைப்பது ஏஆர்9285, 2.4 மட்டும், 150 மட்டும். பெயர் ஒத்திருப்பதால் மாற்றி வாங்கிவிடுகிறார்கள்.

பிராட்காம் கார்டுகளில் மாடலுக்கு மாடல் டிரைவர் மாறுகிறது. பிசிஎம்43142 போன்றவை நிறுவனத்தின் மூடிய டிரைவரில்தான் ஓடும், கெர்னல் மேம்படும்போதெல்லாம் அதை மறுபடியும் கட்ட வேண்டும். லினக்ஸுக்காகக் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

#16 · சாவிக்கொத்து

7260 என்ற பெயரில் மூன்று கார்டு இருப்பதையும் எழுதிவிடுகிறேன். வெறும் 7260எச்எம்டபிள்யூ என்றால் ஏசி (வைஃபை 5), 867. பின்னால் ஏஎன் என்று இருந்தால் இரண்டு பேண்டு, 300. பிஎன் என்று இருந்தால் 2.4 மட்டும். மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பிஎன் வாங்கியவர் இப்போது இருக்கும் ரியல்டெக்கிலிருந்து பெரிதாக நகரவில்லை.

#17 · மணிமேடை

எம்.2 ஸ்லாட் உள்ள மெஷின்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை தேவை. எக்ஸ்240, டி440 எல்லாம் 2013-லேயே எம்.2-க்கு மாறிவிட்டன. ஏஎக்ஸ்201 மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டு ஏமாறுகிறார்கள்.

#18 · கெர்னல்கண்ணன்

நல்ல வேளை நினைவூட்டினீர்கள். 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 மூன்றும் முழுமையான வைஃபை கார்டுகள் அல்ல. வைஃபையின் மூளைப் பகுதி பிராசசரோடு வரும் சிப்செட்டில் இருக்கிறது, கார்டில் இருப்பது ரேடியோ மட்டும். இன்டெல் இதைச் சிஎன்விஐ என்கிறது. 8-ம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மெஷினிலும், ஏஎம்டி மெஷினிலும் அதற்கு எதிர்முனை கிடையாது. ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும், ஸ்க்ரூவும் ஏறும், ஆனால் எந்தச் சாதனமும் தெரியாது. முழுக் கார்டுகளின் எண்களை மனப்பாடம் செய்யுங்கள்: 7260, 7265, 8260, 8265, 9260, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210. புதிய வரிசையில் கடைசி இலக்கம் 0 என்றால் தனியாக ஓடும், 1 என்றால் சிப்செட்டைக் கேட்கும். 9260-க்கும் 9560-க்கும் மட்டும் இந்த விதி உதவாது, அங்கே இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள்.

எக்ஸ்240, டி440-லும் பயாஸ் பட்டியல் உண்டு என்பதால் அங்கேயும் எஃப்ஆர்யூ பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

#19 · வடகரைச்செல்வி

4540எஸ் கைடில் அட்டவணை கிடைத்துவிட்டது, நன்றி. சரியான கார்டு வரும்வரை யுஎஸ்பி அடாப்டர் வைத்து ஓட்டலாமா? அதற்கும் 104 வருமா?

#20 · கெர்னல்கண்ணன்

வராது. பயாஸ் பட்டியல் உள் ஸ்லாட்டை மட்டும் பார்க்கிறது, யுஎஸ்பியைப் பார்ப்பதில்லை. ஸ்க்ரூ டிரைவர் எடுக்க விரும்பாதவர்களுக்கு இதுவே நிரந்தர வழியாகவும் இருக்கலாம்.

பெட்டியின் மேல் உள்ள வேகத்தைப் பார்த்து வாங்காமல் சிப்பைக் கேட்டு வாங்குங்கள். லினக்ஸ் என்றால் மீடியாடெக் எம்டி7612யு, கெர்னல் 4.19 முதல் தானாக எடுத்துக்கொள்ளும். வைஃபை 6 வேண்டும் என்றால் எம்டி7921ஏயு, 5.18 முதல். எம்டி7601யு மலிவு, ஆனால் 2.4 மட்டும், உங்கள் நோக்கத்துக்கு உதவாது. சில அடாப்டர்கள் செருகியதும் விண்டோஸ் டிரைவர் உள்ள சிடி டிரைவாகத் தலைகாட்டும், யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற லினக்ஸ் கருவி போட்டால் வைஃபையாக மாறும்.

யுஎஸ்பி 3 போர்ட்டில் போட்டால் பக்கத்தில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் ஏறும். 5-ல் இந்தத் தொல்லை இல்லை. 2.4-ல் இருக்க வேண்டியவர்கள் ஒரு அடி நீட்டிப்புக் கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வையுங்கள்.

#21 · நெல்லிமரம்

எஃப்ஆர்யூ எண் உள்ள 6205 ரிச்சி தெருவில் பழைய பாகம் விற்பவரிடம் கிடைத்தது. மானுவல் எண்ணோடு ஒத்துப்போனது. பேட்டரியையும் சார்ஜரையும் எடுத்துவிட்டு, கீபோர்டு, பாம் ரெஸ்ட் கழற்றி மாட்டியாயிற்று. வயர் இரண்டுதான், சாம்பல், கருப்பு. 1802 வரவில்லை, மின்ட் உடனே கண்டுகொண்டது, ப்ளூடூத்தும் அப்படியே இருக்கிறது. இரண்டு சிக்கல்: லினக்ஸில் பதிவேற்றம் மந்தமாக இருக்கிறது. விண்டோஸில் 2.4 பெயர் தெரிகிறது, 5 பெயர் தெரியவில்லை. லினக்ஸில் இரண்டும் தெரிகின்றன.

#22 · கெர்னல்கண்ணன்

பதிவேற்றத்துக்கு: இன்டெல் டிரைவரான ஐடபிள்யூஎல்வைஃபைக்கு '11என் டிஸேபிள்' என்று ஒரு அமைப்பு உண்டு. பெயர் அணைப்பது போலத் தோன்றினாலும் மதிப்பு 8 கொடுத்தால் அனுப்பும் பொட்டலங்களைக் கட்டிச் சேர்த்து அனுப்பும் வசதி இயங்கும். மோட்ப்ரோப் அமைப்புக் கோப்புறையில் (/etc/modprobe.d) ஒரு வரியாக எழுதி ரீபூட் செய்யுங்கள். மதிப்பு 1 கொடுத்துவிடாதீர்கள், அது வைஃபை 4-ஐ முழுவதுமாக அணைத்து 54-க்குக் கொண்டுபோய்விடும்.

விண்டோஸில் 5 தெரியாததற்கு, ரவுட்டர் வைஃபை 6 வகையா?

#23 · நெல்லிமரம்

ஆமாம், ஏஎக்ஸ் ரவுட்டர். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 என்று வைத்திருக்கிறேன்.

#24 · கெர்னல்கண்ணன்

இரண்டுமே சந்தேகத்துக்குரியவை. வைஃபை 6 ரவுட்டரின் அறிவிப்பைப் பழைய டிரைவர்கள் புரிந்துகொள்ளாமல் அந்தப் பெயரையே பட்டியலில் காட்டாமல் விட்டுவிடும். 7260, 8260 போன்றவற்றுக்கும் இதே சிக்கல் வந்து, புதிய டிரைவரால் தீர்ந்தது. முதலில் சாதன மேலாளரில் டிரைவர் பதிப்பைப் பார்த்து, கிடைக்கும் கடைசிப் பதிப்பைப் போடுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸின் முறையை ஏஎக்ஸிலிருந்து ஏசிக்கு மாற்றிப் பாருங்கள். பெயர் உடனே தோன்றினால் காரணம் உறுதி.

பாதுகாப்பை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பாக வையுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்றால் விண்டோஸில் 6205 இணையாது. சில ரவுட்டர்களில் விருந்தினர் நெட்வொர்க்குக்குத் தனி அமைப்பு கொடுக்கலாம், அதை 5-ல் டபிள்யூபிஏ2-ஆக வைத்து இந்த லேப்டாப்பை மட்டும் அதில் சேர்த்தால் மற்ற சாதனங்களின் பாதுகாப்பைக் குறைக்க வேண்டியதில்லை.

#25 · நெல்லிமரம்

ஏசிக்கு மாற்றியதும் விண்டோஸில் பெயர் வந்துவிட்டது. கலப்புப் பாதுகாப்பில் இணைந்தும் விட்டது. இரண்டு சிஸ்டத்திலும் லிங்க் 300. மதிப்பு 8 போட்டபின் பதிவேற்றமும் சரியாகிவிட்டது. ஏஎக்ஸை அணைத்ததால் வீட்டில் உள்ள புதிய ஃபோன்களுக்கு வேகம் குறையுமா?

#26 · தறிக்கட்டை

80 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனா ஃபோனுக்கு லிங்க் 1201-லிருந்து 867-க்கு இறங்கும். உங்கள் இணைய இணைப்பு 300-க்கு உள்ளே என்றால் யாரும் உணர மாட்டார்கள். அதைவிட வேகமான இணைப்பு இருந்தால் ஏஎக்ஸைத் திரும்பப் போட்டுவிட்டு, விண்டோஸில் இருக்கும்போது மட்டும் லேன் கேபிள் செருகுங்கள். எக்ஸ்230-ன் ஈதர்நெட் கிகாபிட், மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது எந்த வைஃபை கார்டையும்விட அது நம்பகமானது. கழற்றிய ரியல்டெக் கார்டை ஒரு கவரில் போட்டு வையுங்கள். அதுவும் பட்டியலில் உள்ள கார்டு, இன்னொரு எக்ஸ்230-ல் 1802 வரும்போது சோதித்துப் பார்க்க உதவும்.